தோற்றவர்களின் நாயகன்

தம்மம்பட்டிப் பக்கத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஆட்டத்திலும் குரலிலும் பெரிய வேடம் துரியோதனனுக்கும் இரணியனுக்கும்தான் என்று. புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி அவர்கள் சபைக்கு வரும்போது தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பெரியவர்கள் தட்டி எழுப்புவார்கள். நடிகர் ஆர்.எஸ். மனோகரின் நடிப்பை எடைபோட அந்தக் கூத்துக்களத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

1925-இல் நாமக்கல்லில் பிறந்தவர் அவர். பெயரின் முதலெழுத்தில் இருப்பது ராசிபுரம். மனோகர் என்ற பெயரே பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ நாடகத்தில் நடித்ததால் ஒட்டிக்கொண்டது. 1951-இல் ‘ராஜாம்பாள்’ படத்தில் கதாநாயகனாக வந்தார். பிறகு சினிமா அவரை வில்லனாக்கிக்கொண்டது. நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்தான் அவரை நன்றாகப் பயன்படுத்தியது. ‘வண்ணக்கிளி’ (1959), ‘கைதி கண்ணாயிரம்’ (1960), ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965) மூன்றையும் பார்த்தால் போதும். நிமிர்ந்த மார்பு, அடிவயிற்றிலிருந்து எழும் குரல், சொல்லின் கடைசி எழுத்தைக்கூட விழுங்காத உச்சரிப்பு. மைக் இல்லாத கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய உடம்பு அது. கேமராவுக்கு இவ்வளவு தேவையில்லை. அதனால்தான் சில படங்களில் அவர் திரைச் சட்டகத்துக்குள் அடங்காமல் நிற்பதுபோல் தோன்றும்.

மேடையில் அந்த மிகையே பலமானது. 1954-இல் நேஷனல் தியேட்டர்ஸ் குழுவைத் தொடங்கியவர், படங்கள் குவிந்த காலத்திலும் அதைக் கைவிடவில்லை. இசை நாடக நடிகர்கள் கிட்டப்பா, சுந்தராம்பாள் காலத்தில் பாட்டுக்காகக் கூட்டம் வந்தது. இசை நாடகம் ஒதுங்கிய பிறகு புராணத்தை மறுபடி மேடையேற்றிய மனோகர், பாட்டு இருந்த இடத்தில் வசனத்தின் ஏற்ற இறக்கத்தையும் பிரம்மாண்ட அரங்க அமைப்பையும் தந்திரக் காட்சிகளையும் வைத்தார். காட்சிகள் மாறும் வேகத்தைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் வியந்து பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, யாரை அவர் நாயகனாக்கினார் என்பது.

இராவணன், இந்திரஜித், சூரபத்மன், சிசுபாலன், நரகாசுரன். எல்லோரும் தோற்றவர்கள். திரையில் கடைசி ரீலில் அடி வாங்குகிற ஆள், மேடையில் தோற்றவனின் நியாயத்தை மூன்று மணி நேரம் பேசினார். நம் பக்கத்து ஊர்க்காரர் துறையூர் கே. மூர்த்தி எழுதிய ‘இலங்கேஸ்வரன்’ இராவணனைச் சீதையின் தந்தையாகக் காட்டியது. முதலில் எதிர்ப்பு வந்தது. ஆனால் கோபத்தோடு தொடங்கும் கம்பீரம் மகளைப் பற்றிய வேதனையில் தணியும்போது, பார்க்கிறவர் மனம் மாறிவிடும். அந்த இறக்கம்தான் மனோகரின் நடிப்பில் உச்சம் என்பேன். குரலை உயர்த்தப் பலரால் முடியும். இவ்வளவு உயரத்திலிருந்து பிசிறில்லாமல் இறக்கிக் கொண்டுவர மிகச் சிலரால்தான் முடியும்.

‘நாடகக் காவலர்’ என்று தமிழகம் அவரை அழைத்தது. அது திரையின் வில்லன் வேடங்களுக்காக அல்ல, மேடைக்காக. 2006 ஜனவரியில் அவர் மறைந்தார். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நாடகம் போடும் குழுக்களும், ஆண்டு விழாவுக்கு நாடகம் தேடும் கல்லூரிகளும் ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தை ஒருமுறை எடுத்துப் போடுங்கள். மரத்தில் சிற்பம் வடித்துப் புவிசார் குறியீடு வாங்கிய தம்மம்பட்டியில், இராவணனுக்குக் கிரீடம் செய்து தரக் கைகளுக்குப் பஞ்சமில்லை.