செந்துருத்தி கேட்ட காலை

ஓதுவார் இன்னும் தொடங்கவில்லை. தாளத்தை விரிப்பின்மேல் வைத்திருக்கிறார். இரண்டு கிண்ணங்களையும் சேர்த்துக் கட்டிய கயிறு மட்டும் அவர் விரலில் சுற்றியபடியே இருக்கிறது. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறார். சுருதிப் பெட்டியின் ஒலி கடைசி வரிசை வரை போய்ச் சேரட்டும் என்று பொறுத்திருக்கிறார். பிறகு, 'திருச்சிற்றம்பலம்' என்கிறார்.

அந்த ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். எந்தப் பதிகத்துக்கும் முன்னும் பின்னும் வருகிற சொல்தான். கோயிலில் நாம் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வதற்கான அறிகுறியாக அதை எடுத்துக்கொள்கிறோம். பண் ஆராய்ச்சிக் கூட்டத்தில் அதற்கு வேலை கூடுதல். அடுத்து வரப்போகிற பண்ணிலேயே அந்தச் சொல்லை அவர் இழைக்கிறார். 'சிற்' என்ற இடத்தில் ஒரு சின்ன அழுத்தம், 'றம்' என்பதில் ஒரு வளைவு, 'பலம்' வந்து ஸட்ஜத்தில் அமர்வதற்குள் முன்வரிசைப் பெரியவர்கள் தலையசைத்துவிடுகிறார்கள். பண் தெரிந்துவிட்டது. கட்டுரை வாசிக்க வந்தவர் கையில் இன்னும் பத்துப் பக்கம் இருக்கிறது. அவர் நிறுவப்போவதில் பாதியை ஓதுவார் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

பாரிமுனைப் பக்கம், எஸ்பிளனேடு சாலையில் இருக்கிறது ராஜா அண்ணாமலை மன்றம். தமிழ் இசைச் சங்கம் 1943-இல் தோன்றியது. 1949 முதல் பண் ஆராய்ச்சி நடக்கிறது. 1952-இல் மன்றம் எழுந்தது. டிசம்பர் மாதத்தில் சென்னையில் காது படைத்தவர்களுக்குப் போக்கிடம் நிறைய உண்டு. பெரும்பாலோர் கச்சேரிக்குப் போவார்கள். பண் ஆராய்ச்சிக்கு வருகிற கூட்டம் சிறியது, ஆனால் கெட்டியானது. தேவாரத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள், இசைக் கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள், ஊரிலிருந்து துணிப்பையோடு வந்திறங்கிய ஓதுவார்கள். இவர்கள் முன்னால் தவறாக ஒரு பிடி பாடிவிட்டுத் தப்ப முடியாது.

அங்கே அடிக்கடி காதில் விழுகிற ஒரு வாக்கியம் எனக்கு மிகவும் பிடிக்கும். "ஐயா, அதைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்க." யாராவது ஒருவர் ஒரு பண்ணுக்கு இன்ன ராகம்தான் என்று அடித்துச் சொல்லுவார். நூலாதாரம் காட்டுவார். பிங்கல நிகண்டு, சேந்தன் திவாகரம், சிலப்பதிகார உரை என்று வரிசையாக அடுக்குவார். எல்லாம் முடிந்ததும் சபையிலிருந்து இந்த வாக்கியம் மெல்ல எழும். அதில் மரியாதை இருக்கிறது, கேட்கிற ஆசை இருக்கிறது, சவாலும் இருக்கிறது. ஏட்டில் எவ்வளவு நின்றாலும் குரலில் நிற்கிறதா என்பதுதான் அந்தச் சபையின் கடைசிக் கேள்வி.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். தஞ்சாவூரில் சித்த மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ஆபிரகாம் பண்டிதர் 1912-இலிருந்து தம் செலவில் வித்துவான்களை அழைத்து இசை மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டில் அவருடைய சுருதிக் கணக்கைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எண்களைச் சொல்வதோடு அவர் நிறுத்தவில்லை. கணக்கு சரிதான் என்பதற்கு அவருடைய பெண்மக்கள் பாடியும் வீணை வாசித்தும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' அச்சாகி வந்தது. அத்தனை பெரிய நூலுக்கும் முன்னால் போய் நின்ற சாட்சி இரண்டு பெண்களின் குரல். திருமுறை கண்ட புராணம் சொல்கிற கதையும் இதுதான். தில்லையில் கரையான் அரித்த ஏடுகளில் பாட்டு மிஞ்சியது, பண் மிஞ்சவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண்களை வகுத்துக் கொடுத்தாள். அவள் பாடியிருக்கத்தான் வேண்டும். பாடாமல் ஒரு பண்ணை எப்படிக் கொடுப்பது?

பேசுகிறவரே கலைஞராக இருந்துவிட்டால் சபைக்கு இன்னொரு விருந்து. 1975 டிசம்பரில் தமிழ் இசைச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்ற பாலசரஸ்வதி, பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையைக் கோயிலுக்குள் போகிற நடையாக விரித்துச் சொன்னார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் மகா மண்டபம், வர்ணத்தில் சந்நிதி. அதற்கு அப்புறம் வருகிற பதத்தை அவர் வைத்த இடம்தான் என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்துகிறது. வெளிப் பிராகாரத்தின் விரிவும் வெளிச்சமும் பின்னால் போய், கருவறையின் குளிர்ந்த இருளுக்குள் தனியே நிற்கிற நேரமாம் பதம். தில்லானா கற்பூர ஆரத்தி. எத்தனையோ பேர் நாட்டியத்துக்கும் கோயிலுக்கும் உள்ள தொடர்பைப் பேசியிருக்கிறார்கள். பதத்தை அந்த இருட்டில் கொண்டுபோய் வைக்க, வாழ்நாள் முழுக்கப் பதம் ஆடியவரால்தான் முடியும்.

பண் ஆராய்ச்சிக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அது ஓர் அட்டவணை மாதிரித் தோன்றும். தக்கேசி என்றால் காம்போதி, கௌசிகம் என்றால் பைரவி, பழம்பஞ்சுரம் என்றால் சங்கராபரணம், காந்தார பஞ்சமம் என்றால் கேதாரகௌளை. தேவாரப் பண்கள் இருபத்துச் சொச்சம். ஒரு மத்தியானத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். நயம் எல்லாம் அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருக்கிறது.

இந்தளத்தை மாயாமாளவகௌளையில் பாடுகிறவர்கள் உண்டு, நாதநாமக்கிரியையில் பாடுகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. நாதநாமக்கிரியை மட்டும் மேல் ஸட்ஜத்துக்குப் போகாது, நிஷாதத்தோடு திரும்பிவிடும். ஒருமுறை இரண்டு ஓதுவார்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே பாட்டை இரண்டு விதமாகவும் பாடினார்கள். முதலாமவர் மேலே போய் ஸட்ஜத்தில் நின்றபோது கோபுர வாசல் திறந்தது போல் இருந்தது. இரண்டாமவர் அதே சொல்லில் நிஷாதத்தைத் தொட்டு, மேலே கேட்க முடியாமல் தயங்கிக் கீழே வந்தார். பாட்டில் இருந்த கெஞ்சல் அப்போதுதான் எனக்குக் கேட்டது. எது சரி என்று அன்று முடிவாகவில்லை. ஒரே ஒரு ஸ்வரத்தைத் தொடாமல் விடுவதில் இவ்வளவு இருக்கிறதா என்று நான் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

மேகராகக்குறிஞ்சியை இன்று நீலாம்பரியில் பாடுகிறார்கள். நீலாம்பரி என்றதும் தூளி ஆடும், குழந்தை கண் சொருகும். ஆனால் கோயில்களில் மழை வேண்டி ஓதுகிறபோது எடுப்பது சம்பந்தரின் மேகராகக்குறிஞ்சிப் பதிகங்களைத்தான். இரவுப் பண்களில் ஒன்று அது. ஓதுவார் பாடுகையில் அந்த நெடிய இழைவுகளைக் கேட்டால் இரண்டும் ஒரே காரியம்தான் என்று படுகிறது: மேலே இருக்கிற ஒன்றை அவசரப்படுத்தாமல் கீழே வரவழைப்பது.

என் நெஞ்சில் தங்கிவிட்டது செந்துருத்தி. தேவாரம் முழுவதிலும் அந்தப் பண்ணில் இருப்பது ஒரே ஒரு பதிகம், சுந்தரர் திருவாரூரில் பாடியது. கதை எல்லோருக்கும் தெரியும். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. (மன்றத்திலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் அந்தத் திருவொற்றியூர்தான்.) திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மற்றொரு கண்ணுக்காகத் திருவாரூர் வந்து நிற்கிறார். கெஞ்சவில்லை. குறையைச் சொல்கிறார். சுடர்விடாத நெருப்பாக உள்ளே கனன்று, அது முகத்தில் வாட்டமாகத் தெரிய நிற்கிற அடியவர்களைக் கண்டும் சும்மா இருக்கிறீரே என்கிறார். ஒவ்வொரு பாட்டும் ஒரே சொல்லில் முடிகிறது: போகட்டும், நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று வாழ்த்துகிற மாதிரி.

இந்தப் பதிகத்தைப் பாடுவது மத்தியமாவதியில். கச்சேரி முடிவில் மங்களம் பாடுகிற ராகம். அதுவரை நேர்ந்த குற்றங்குறை எல்லாம் அதனால் தீரும் என்று வித்துவான்கள் நம்புகிற ராகம். அந்தக் காலைப் பொழுதில் ஒரு மாணவர் எழுந்து இதைத்தான் கேட்டார். "இவ்வளவு ஆத்திரமான பதிகத்துக்கு மங்கள ராகம் எப்படிங்க ஐயா பொருந்தும்?" நல்ல கேள்வி. மேடையில் இருந்த புலவர் பதில் சொல்ல வாயெடுத்தார். ஓதுவார் கையை லேசாக உயர்த்திவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

முதலில் சுத்தாங்கமாக, தாளம் இல்லாமல். ரிஷபத்தில் ஒரு மெல்லிய நடுக்கம், அதற்கு மேல் எந்த அலங்காரமும் இல்லை. காந்தாரமும் தைவதமும் இல்லாத ஐந்து ஸ்வர ராகம் அது. படிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். அந்த இடைவெளிகளில் வார்த்தை தனியாக நின்றது. உள்ளே கனல்கிற நெருப்பைச் சொல்கிற அடியைக் கீழ் ஸ்தாயியில் ஏறக்குறைய பேசினார். ஈற்றடிக்கு வந்து அந்த வாழ்த்தை எடுத்தபோது, எந்தக் கச்சேரி மேடையிலும் மங்களத்தில் வருகிற அதே நிறைவான பிடி. வாழ்த்து வாழ்த்தாகவே இருந்தது. அதனால்தான் அது சுட்டது. குரலை உயர்த்தித் திட்டியிருந்தால் கடவுளுக்கு வலித்திருக்காது என்று தோன்றியது.

பிறகு தாளத்தைக் கையில் எடுத்தார். பண்ணாங்கமாக அதே அடிகள். இப்போது அந்த ஈற்றுச் சொல் ஒவ்வொரு முறையும் தாளத்தில் வந்து விழுந்தது, கதவைச் சாத்துகிற மாதிரி. முன்பு மனம் நொந்து நின்றவர் இப்போது கிளம்பிவிட்டார்.

பாடி முடித்து அவர் சொன்னது ஒரே ஒரு குறிப்பு. சுந்தரர் இறைவனுக்குத் தோழர். தோழர் இந்தப் பதிகத்தில் பேசுகிறது எல்லாம் 'நீர்', 'உமக்கு' என்று. "வீட்டுல கோபம் வந்தா நாம என்ன பண்றோம்? நீ நீங்கறது போய் நீங்கன்னு ஆயிடும். அந்த நீங்க எவ்வளவு தூரம்!" என்றார். சபையில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய 'ஆமாம்' எழுந்தது. எத்தனை வீடுகளின் சமையலறை அந்த ஆமாமில் இருந்ததோ. மரியாதைப் பன்மையும் மங்கள ராகமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பதை அதற்குமேல் யாரும் விளக்கவில்லை. கேட்ட மாணவர் நின்றபடியே இருந்தார். உட்கார மறந்துவிட்டார் போலும்.

புலவர் தம் தாள்களைத் தட்டி நேராக்கிக்கொண்டு, செந்துருத்தி என்ற பெயரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். நன்றாகவே சொன்னார். ஆனால் சபையின் காது இன்னும் அந்த ரிஷபத்தில்தான் இருந்தது.

கூட்டம் கலைந்து வெளியே வந்தால் எஸ்பிளனேடு இரைச்சல். பேருந்து நிறுத்தத்தில் முன்வரிசைப் பெரியவர்கள் இருவர். ஒருவர், ஓதுவார் ரிஷபத்தை அசைத்ததே கூடாது, பழைய பாடத்தில் அது நேராக நிற்கும் என்றார். மற்றவர் இல்லவே இல்லை என்று அந்த இடத்தைப் பாடிக் காட்டினார், லாரி ஹாரனுக்கு மேல் குரலை உயர்த்தி. இவர் திருப்பிப் பாடினார். அவர்களுடைய பேருந்து வந்து நின்று, நடத்துநர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு விசில் கொடுக்க, புறப்பட்டுப் போனது. மூன்றாம் முறை பாடுவதற்காக முதலாமவர் பையைக் கீழே வைத்தார்.