சட்டமறுப்பு: மரபுகளும் அளவுகோல்களும்

அரசின் கொள்கையை மாற்ற மனு உண்டு, வழக்கு உண்டு, வாக்குச்சீட்டு உண்டு. இவை எட்டாத இடத்தில், அல்லது எட்டியும் பலிக்காத இடத்தில் பிறந்தது சட்டமறுப்பு. சட்டத்தை மீறுவது திருடனுக்கும் தெரிந்த வேலைதான். பட்டப்பகலில், பெயர் சொல்லி, முன்கூட்டியே அறிவித்து மீறுவதும், அதற்கான தண்டனையை முணுமுணுக்காமல் ஏற்பதும் சத்தியாக்கிரகியின் வேலை. இந்த மரபுக்குள் நான்கு வழிகளைப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, மனச்சாட்சி வழி. அடிமைமுறையையும் மெக்சிகோ போரையும் ஏற்காத அமெரிக்கர் தோரோ, தலைவரி கட்ட மறுத்து 1846இல் கான்கார்டு சிறையில் ஓர் இரவு இருந்தார். வேறொருவர் வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே வந்தார். 1849இல் அவர் வெளியிட்ட கட்டுரை உலகம் சுற்றியது. ஆனால் அந்த ஓர் இரவால் அரசின் கொள்கை எதுவும் அசையவில்லை.

இரண்டாவது, கூட்டு மறுப்பு. 1906 செப்டம்பர் 11 அன்று தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள், தங்களை இழிவுபடுத்தும் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். 1908இல் பதிவுச் சான்றுகளைத் தீயில் இட்டனர். 1913இல் மூன்று பவுன் வரியையும், இந்தியத் திருமணங்களைச் செல்லாதவை ஆக்கிய தீர்ப்பையும் எதிர்த்து, நேட்டால் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு எல்லை தாண்டி நடந்தனர். ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன தமிழர்கள் இதில் முன்வரிசையில் நின்றார்கள். சிறையிலிருந்து நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் 16 வயதில் உயிர்நீத்தார். அவ்வாண்டே நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியை நீக்கியது, திருமணங்களையும் ஏற்றது.

மூன்றாவது, வரிமறுப்பு. 1928இல் குஜராத்தின் பர்தோலியில் நிலவரியை 22 சதவீதம் உயர்த்தினார்கள். வல்லபாய் படேல் தலைமையில் விவசாயிகள் கட்ட மறுத்தனர். ஜப்தி அதிகாரி வருவது தெரிந்ததும் பறை முழங்கும், கதவுகள் சாத்தப்படும். ஜப்திக்குத் தப்ப எருமைகளையும் வீட்டுக்குள்ளேயே அடைத்துவைத்து மக்கள் காலம் கழித்தார்கள். கடைசியில் விசாரணைக் குழு அமைக்க அரசு இணங்கியது. உயர்வு 6.03 சதவீதமாகக் குறைந்தது.

நான்காவது, தடுத்ததையே செய்துகாட்டும் வழி. 1924 மார்ச் 30 முதல் வைக்கத்தில், தாழ்த்தப்பட்ட சாதியினருக்குத் தடையிருந்த, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கத் தொண்டர்கள் நாளுக்கு மூவராகப் போய்க் கைதானார்கள். பெரியார் இருமுறை சிறை சென்றார். 1925இல் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கோயிலுக்குள் நுழையும் உரிமைக்கு 1936வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உப்புச் சட்டத்தை மீறியதும் இவ்வழியைச் சேர்ந்ததே. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜியின் படை வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டது. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் தருவோருக்குச் சிறை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊரார் சட்டத்தோடு தர்க்கம் செய்யவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். தந்தவர் யார் என்று எந்த மரமும் சாட்சி சொல்லவில்லை. ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். மறு ஆண்டு காந்தி–இர்வின் ஒப்பந்தம், உப்பு விளையும் பகுதி மக்கள் சொந்தத் தேவைக்கு உப்பெடுக்க இடம் தந்தது. வரி மட்டும் நீடித்தது.

இவ்வழி கடல் கடந்தும் போனது. நாக்பூரில் தங்கிக் காந்திய முறையைப் பயின்ற அமெரிக்கர் ஜேம்ஸ் லாசன், நாஷ்வில் நகர மாணவர்களை ஒத்திகை வைத்தே தயாரித்தார்: நிமிர்ந்து உட்கார், அடித்தால் திருப்பி அடிக்காதே, மரியாதை தவறாதே. 1960 பிப்ரவரியில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசைகளில் போய் அமர்ந்தார்கள். கறுப்பின மக்களும் அந்தக் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். மே மாதம் அந்த மேசைகள் திறந்தன.

இவற்றை எடைபோட நான்கு அளவுகோல்கள் போதும். ஒன்று, முதலில் பேச்சு. தண்டிக்குப் புறப்படுமுன் காந்தி வைசிராய்க்குக் கடிதம் எழுதினார். 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய மார்ட்டின் லூதர் கிங்கும் உண்மை திரட்டல், பேச்சுவார்த்தை, தன்னைத் தூய்மைப்படுத்தல் ஆகியவற்றுக்குப் பிறகே நேரடிச் செயலை வைத்தார். இரண்டு, கோரிக்கை குறுகியதாக, நிறைவேற்றத்தக்கதாக இருப்பது. மூன்று, தண்டனையை ஏற்பது. நான்கு, நிறுத்தத் தெரிவது. 1922இல் சௌரி சௌராவில் காவலர்கள் எரித்துக் கொல்லப்பட்டதும், தோழர்கள் கசந்துகொண்டபோதும், காந்தி இயக்கத்தையே நிறுத்தினார்.

அளவுகோலில் தேறியதெல்லாம் வென்றுவிடுவதில்லை. 1961இல் யாழ்ப்பாணத்தில் தந்தை செல்வாவின் தமிழரசுக் கட்சி, சிங்களம் மட்டும் கொள்கையை எதிர்த்துக் கச்சேரியை (மாவட்ட அரசுச் செயலகத்தை) மறித்து இரு மாதம் அமைதியாக அமர்ந்தது. தனித் தபால் சேவையும் நடத்தியது. கொழும்பு அவசரநிலையை அறிவித்து ராணுவத்தை அனுப்பியது, தலைவர்களைக் காவலில் வைத்தது. கொள்கை மாறவில்லை. பர்தோலியின் வரியும் நேட்டால் சுரங்கத்தின் உழைப்பும் ஆள்வோருக்குத் தேவைப்பட்டன. யாழ்ப்பாணத்தின் ஒத்துழைப்பு இல்லாமலே கொழும்பால் ஆள முடிந்தது.

அரசியல் சாசன வழிகள் திறந்திருக்கும்போது சத்தியாக்கிரகத்தைக் கைவிட வேண்டும் என்று 1949 நவம்பரில் அம்பேத்கர் எச்சரித்தார். அதை மறுப்பவர்களும், அவ்வழிகள் திறந்திருக்கின்றனவா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டே இறங்க வேண்டும். மறியலுக்குக் கிளம்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: எந்தச் சட்டத்தை மீறுகிறோம், அரசு எதைச் செய்தால் எழுந்து வீடு திரும்புவோம் என்பதை முதலில் எழுதி வையுங்கள். அது எழுத வராவிட்டால், இன்னும் நேரம் வரவில்லை.