கம்பத்துப் பையனை அசைய வைத்தவர்கள்

சுங்கை பூலோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகளுக்கு லாட் வரைந்த ‘தி கம்போங் பாய்’ புத்தகத்தை விரித்துக் கொடுத்தேன். ஆறு வயது. ஆங்கிலம் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். ஈயம் தோண்டும் கப்பல் வரும் பக்கத்தில் நின்றுவிட்டாள். வீட்டைவிடப் பெரிய இரும்பு, அதன் முன்னால் எறும்பளவில் பையன்கள். விரலால் அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு பாகமாகத் தடவிக்கொண்டே போனாள். “மாமா, இது சத்தம் போடுமா?” என்று கேட்டாள். போடும் என்றேன். “எப்படி?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளே தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அன்று மாலை அதே கதையின் கார்ட்டூன் தொடரிலிருந்து ஓர் அங்கத்தைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படக்கதையை அசைய வைக்கும்போது கைக்கு வருவது எது, கைநழுவிப் போவது எது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லாட் என்று நாம் அறிந்த டத்தோ முகமட் நோர் காலிட் 1951இல் பேராக்கில், கோப்பெங் பக்கத்துக் கம்பம் ஒன்றில் பிறந்தவர். ‘தி கம்போங் பாய்’ 1979இல் வந்தது. நாம் சிறுவயதில் படித்த முத்து காமிக்ஸ் போல் கட்டம் கட்டமாகப் போகிற படக்கதை இது இல்லை. அகலவாக்கில் விரியும் பக்கம், பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரே படம், கீழே கையெழுத்தில் சில வரிகள், எல்லாம் கறுப்பு வெள்ளை. அதில் வரும் இரும்புக்கை மாயாவி ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் பாய்வான். நம் கண்ணும் பின்னாலேயே ஓடும். லாட்டின் பக்கத்தில் கண் ஓடாது, மேயும். மூலையில் ஒரு கோழி, சன்னலில் ஒரு பாட்டி, ஆற்றில் யாரோ ஒருவரின் தலை மட்டும். பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை வாசகர்தான் முடிவு செய்கிறார். அந்தப் புத்தகத்தின் உயிரே இந்த நிதானத்தில் இருக்கிறது.

இதைத் தொலைக்காட்சித் தொடராக்கலாம் என்ற எண்ணம் 1995 வாக்கில் ஆனந்த கிருஷ்ணனிடமிருந்து வந்தது. பிரிக்பீல்ட்ஸில் பிறந்து விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழர். அப்போது அவர் செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தார். 1996இல் மியாசாட் செயற்கைக்கோளும் அஸ்ட்ரோவும் வந்தன. வானத்திலிருந்து இறங்கும் அலைவரிசைக்கு நம் மண்ணின் கதை ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்ததை நான் பெருமையோடுதான் சொல்வேன். அமெரிக்காவின் மேட்டினி எண்டர்டெயின்மென்ட் சார்பில் ஃபிராங்க் சாப்பர்ஸ்டைன் பொறுப்பேற்றார். மொத்தம் 26 அங்கங்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஓர் அங்கத்துக்கு ஏறத்தாழ 3 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலர் செலவானது. மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒளியேறியது. ‘ஓ! தோக்’ என்ற அங்கம் 1999இல் பிரான்சின் ஆன்சி அனிமேஷன் விழாவில் பரிசு வென்றது.

அந்தப் பரிசு தகுதியானதுதான். பேய் குடியிருப்பதாகச் சொல்லப்படும் மரத்தைப் பற்றிய கதை அது. இருட்டு மெல்லச் சூழ்வதும், காற்று வருவதும், பையன்களின் குரல் நடுங்குவதும் காகிதத்தால் தர முடியாதவை. பயம் நேரத்தில்தான் வளரும், அனிமேஷனின் கையில் இருப்பதும் நேரம்தான். கம்பத்துப் பேச்சின் ஏற்ற இறக்கம், அம்மா கூப்பிடும் குரல், மரப்படியில் வெறுங்கால் ஏறும் ஓசை என்று லாட்டின் கோடுகளுக்குள் ஊமையாக இருந்த பலவற்றுக்குத் தொடர் வாய் கொடுத்தது. புத்தகம் கிட்டாத பிள்ளைகளையும் எட்டியது. இதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

ஆனால் அரை மணி நேரம் என்ற அளவு ஒரு கதையைக் கேட்கும். முதல் சில நிமிடத்தில் கதைநாயகனான பையன் மாட் ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டும், நடுவில் அது பெரிதாக வேண்டும், முடிவில் அவிழ வேண்டும். புத்தகத்தில் அப்படிச் சிக்கல் எதுவும் இல்லை. பிறப்பு, ஆற்றுக்குளியல், குர்ஆன் வகுப்பு, சுன்னத்து, பள்ளி, திருட்டுத்தனமாக ஈயம் அலசியது என்று ஒரு பிள்ளையின் நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அவ்வளவுதான். தொடரில் நாட்களின் இடத்தைச் சம்பவங்கள் பிடித்துக்கொண்டன. கோட்டுக்கும் இதே கதி. லாட்டின் பேனா நடுங்கும், குறுக்குக் கோடுகளால் நிழல் போடும், சில இடங்களில் கோடு முடியாமலே விட்டுவிடும். நூற்றுக்கணக்கான கைகள் ஆயிரக்கணக்கான முறை வரைய வேண்டிய வேலையில் அந்த நடுக்கத்துக்கு இடமில்லை. சுத்தமான வெளிக்கோடு, உள்ளே வண்ணம். மாட்டின் பரட்டைத் தலையும் மூக்கும் தப்பின. லாட்டின் கை தப்பவில்லை.

எனக்கு இதைவிட வலிப்பது வேறொன்று. ‘தி கம்போங் பாய்’ ஊரைவிட்டுப் போவதைப் பற்றிய புத்தகம். கடைசியில் பையன் ஈப்போவில் விடுதிப் பள்ளிக்குக் கிளம்புகிறான். கம்பத்து நிலத்தின்மேல் ஈயக் கம்பெனியின் கண் விழுந்துவிட்டது. திரும்பி வரும்போது ஊர் இப்படியே இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. முன்பக்கங்களில் வந்த கோழியும் ஆறும் சன்னல் பாட்டியும் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் கனம் பெறுகின்றன. தொடருக்கோ அடுத்த வாரமும் மாட் அதே வயதில், அதே வீட்டில், அதே நண்பர்களோடு இருந்தாக வேண்டும். போக முடியாத பையனுக்கு ஊர் ஒரு விளையாட்டுத் திடலாகிவிடுகிறது. தோட்டத்தை விட்டுவிட்டு டவுனுக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இழப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தொடர் அஸ்ட்ரோவில் வந்த அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு முயற்சி நடந்தது. படக்கதைப் பாத்திரங்களை இணையத்துக்கென்றே அசைய வைக்கத் தொடங்கினார்கள். நம் வீட்டில் அப்போது தொலைபேசிக் கம்பியில் கிறீச்சிட்டு இணையும் மோடம். விநாடிக்கு 56 கிலோபிட் என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த வேகம் முழுதாகக் கிடைத்தாலும் ஒரு மெகாபைட் வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். அந்தக் குறுகிய குழாயில் படம் ஓட்ட வழி செய்தது ஃப்ளாஷ் மென்பொருள். ஒவ்வொரு படத்தையும் புள்ளிபுள்ளியாக அனுப்பாமல், இந்தக் கோடு இங்கிருந்து இங்கே, உள்ளே இந்த வண்ணம் என்று கணக்காக மட்டும் அனுப்பும். நம் கணினி அதை வரைந்துகொள்ளும். கோடு குறையக் குறையக் கோப்பு இளைக்கும்.

வார்னர் பிரதர்ஸ் 2000ஆம் ஆண்டில் இரண்டு தொடர்களை இப்படி வெளியிட்டது. ஒன்று ‘லோபோ’: 14 சிறு அங்கங்கள், ஒவ்வொன்றும் சுமார் மூன்று நிமிடம். 1983இல் ரோஜர் ஸ்லைஃபரும் கீத் கிஃபனும் உருவாக்கிய முரட்டு விண்வெளி வேட்டைக்காரன் லோபோ. 1990இல் சைமன் பிஸ்லி அவனை வரைந்த விதம்தான் அவனுக்குப் புகழ் தேடித் தந்தது. நரம்பு நரம்பாகப் புடைத்த தசை, பக்கம் முழுக்க அழுக்கும் உலோகமும். ஃப்ளாஷால் அதைச் சுமக்க முடியவில்லை. தட்டையான வண்ணத் துண்டுகளாக வந்த லோபோவிடம் வசவு மிஞ்சியது, மிரட்டல் மிஞ்சவில்லை. மற்றொன்று பேட்மேன் உலகின் பெண்களை வைத்து 2002 வரை 30 அங்கங்கள் வந்த ‘கோத்தம் கேர்ள்ஸ்’. அதன் பாத்திரங்கள் 1990களின் பேட்மேன் கார்ட்டூனில் புரூஸ் டிம் வகுத்த பாணியில் வந்தவை. நேர்க்கோடு, கூரான தாடை, பெரிய நிழல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஏற்கெனவே இளைத்திருந்த கோடு என்பதால் குறுகிய குழாய்க்குள் அது நோகாமல் நுழைந்தது. நிறுவனம் ஒன்று, மென்பொருள் ஒன்று, ஆண்டும் ஒன்று. கோட்டின் குணம்தான் விதியைத் தீர்மானித்தது.

இந்த ஆரம்ப இணையத் தொடர்களை மட்டம் தட்டுவது சுலபம். வாய் மட்டும் அசையும், கை காகிதப் பொம்மைபோல் மூட்டில் திரும்பும், ஒலி தகரத்தில் தட்டியதுபோல் கேட்கும். பணமும் நிலைக்கவில்லை. சொந்தப் பாத்திரங்களோடு இணையத்துக்கு வந்த ஸ்டான் லீ மீடியா நிறுவனம் 2000 முடிவதற்குள் வேலையை நிறுத்தி 2001 தொடக்கத்தில் திவாலானது. இருந்தும் அந்த வறுமையில் ஒரு நன்மை இருந்ததாக நினைக்கிறேன். அசைவுக்குக் கோப்பில் இடமில்லாததால் படம் நின்றது. நின்ற படத்தின் மேல் கேமரா மெல்ல நகர்ந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு மேய நேரம் கிடைத்தது. மூன்று நிமிடம் என்பதால் கதைக்காகச் சிக்கலை இழுத்து வர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு நிகழ்ச்சி, ஒரு நினைவு போதும். படக்கதையின் பக்கத்துக்கு மிக அருகில் அனிமேஷன் வந்தது அங்கேதான். 26 அரை மணி நேரங்கள் தேடியும் கிட்டாத நிதானம், காசில்லாத மூன்று நிமிடத்துக்குத் தானாகவே வாய்த்தது.

லாட்டின் கோட்டை அன்றைய ஃப்ளாஷில் ஏற்றியிருந்தால் லோபோவுக்கு நேர்ந்ததுதான் நேர்ந்திருக்கும். ஒவ்வொரு குறுக்குக் கோடும் ஒரு கணக்கு, கணினி மூச்சுத் திணறியிருக்கும். இன்று அந்தத் தடை இல்லை. அசல் பேனாப் படத்தை அப்படியே ஸ்கேன் செய்து கைப்பேசி வரை கொண்டு சேர்க்கலாம். அன்றைய இணையத்தின் நிதானத்தையும் புத்தகத்தின் கோட்டையும் ஒன்றுசேர்க்க இப்போது முடியும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு நின்றது. டிவிடியில் ஏறிய ‘கோத்தம் கேர்ள்ஸ்’ பிழைத்தது, அந்தக் காலத்து இணையப் படங்கள் பல திறக்க வழியில்லாமல் போயின. 1979இன் புத்தகம் எங்கள் மேசையில் இன்னும் திறக்கிறது.

ஷா ஆலாமில் உருவான ‘உப்பின் இப்பின்’ பார்த்து வளர்ந்து, இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கின் ஸ்டூடியோக்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். என்றாவது ஒருநாள் கம்பத்துப் பையனை மீண்டும் அசைய வைக்கும் வாய்ப்பு உங்கள் கைக்கு வந்தால், உரிய அனுமதியைப் பெற்று, மூன்று மூன்று நிமிடமாகச் செய்யுங்கள். அந்த நடுங்கும் கோட்டைச் சுத்தம் செய்யாதீர்கள். ஈயக் கப்பல் வரும் பக்கத்தைப் பத்து விநாடி அசைக்காமல் வையுங்கள், பின்னணி இசை வேண்டாம், அந்த இரும்பு அரைக்கும் சத்தம் மட்டும் கேட்கட்டும். கடைசி அங்கத்தில் அவனை ஈப்போவுக்குப் போக விடுங்கள்.