பிடுங்கப் பிடுங்க வளரும் காடு

சிட்னியில் ஞாயிற்றுக்கிழமை காலையை எப்படிக் கழிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. புஷ்கேருக்கு வாருங்கள் என்பேன். கடற்கரையும் காபிக் கடையும் எங்கே ஓடிவிடப் போகின்றன?

பூங்காவின் ஓரம், ஓடைக்கரை என்று உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் பொதுநிலங்களில் பூர்வீகக் காடு இன்னும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. அதை அக்கம்பக்கத்து மக்களே, கவுன்சிலின் மேற்பார்வையாளர் ஒருவரோடு சேர்ந்து மீட்டெடுக்கிறார்கள். அதுதான் புஷ்கேர். எங்கள் குழு மாதம் ஒருமுறை கூடும், மூன்று மணி நேரம் வேலை. கருவி, கையுறை, காப்பீடு, நடுவில் தேநீரும் பிஸ்கட்டும் எல்லாம் கவுன்சில் பொறுப்பு. நாம் குனிந்து நிமிர்ந்தால் போதும்.

நாங்கள் வேலை செய்வது மேற்குச் சிட்னியில், கம்பர்லாண்ட் சமவெளிக் காட்டின் ஒரு துண்டில். தாருக் என்ற பூர்வகுடி மக்களின் மண் இது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுவதும் பரந்து கிடந்த காட்டில், பண்ணையும் வீடும் சாலையும் தின்றதுபோகப் பத்தில் ஒரு பங்குகூட இன்று இல்லை. 2009-இல் ஆஸ்திரேலிய அரசு இதை மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள வாழிடங்களின் பட்டியலில் சேர்த்தது. இங்கே ஓங்கி நிற்கும் மரங்களில் ஒன்று ஃபாரஸ்ட் ரெட் கம். நம் ஊர்ச் சமவெளிகளில் தைலமரம் என்று வரிசை வரிசையாக நட்டோமே, அதில் முக்கியமான இனம் இதுதான். அங்கே நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று திட்டு வாங்கும் அதே மரம், இங்கே பொந்துகளில் கிளிகளைக் குடிவைத்துக்கொண்டு, காலடியில் நூறு விதப் புல்லையும் பூண்டையும் வாழவிட்டுக்கொண்டு நிற்கிற கம்பீரத்தைப் பார்க்க வேண்டும்! எனக்கு அந்த மரத்தின் மீதிருந்த கோபம் மொத்தமும் போய்விட்டது.

காடு வளர்ப்பு என்றதும் நமக்கெல்லாம் குழி, கன்று, பூவாளி என்றுதான் மனம் போகும். இங்கே நடுவது கடைசி வேலை. முதல் வேலை களையெடுப்பது, அதுவும் தலைகீழ் வரிசையில். களை அடர்ந்து மண்டிக்கிடக்கும் இடத்தில் முதலில் யாரும் கைவைப்பதில்லை. காடு நன்றாக இருக்கும் பகுதியில் தொடங்கி, அங்கே எட்டிப்பார்க்கும் ஒன்றிரண்டு களைகளை எடுத்துவிட்டு, மெல்ல மெல்லக் கெட்ட பகுதியை நோக்கி நகர வேண்டும். மண்ணைக் கிளறக் கூடாது. பூர்வீகச் செடி முளைத்து இடத்தைப் பிடிக்கும் வேகத்துக்கு மேல் ஓர் அடிகூட முன்னே போகக் கூடாது. 1960-களில் சிட்னியின் மாஸ்மன் பகுதியில் வாழ்ந்த ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் தங்கள் வீட்டருகே இருந்த காட்டில் நடந்து, பார்த்து, கையாலேயே செய்து கண்ட முறை இது. மொத்தமாக வெட்டித் தள்ளிய இடங்களில் களை முன்னைவிட மும்முரமாகத் திரும்பி வருவதை அவர்கள் கவனித்தார்கள். இன்று ஆஸ்திரேலியா முழுக்க இந்த வேலைக்கு அடிப்படை அந்த இருவரின் பொறுமைதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் ஒரு துறையையே உண்டாக்கியிருக்கிறார்கள். நினைக்க நினைக்கச் சிலிர்க்கிறது.

எங்கள் பெரிய எதிரி ஆப்பிரிக்க ஆலிவ். 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட மரம். பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் போட, கிளைகள் நெருங்கி வளர்ந்து, அடியில் ஒரு புல்கூட முளைக்காத இருட்டாகிவிடும். இருவர் இருவராகத்தான் அதை எடுக்கிறோம். ஒருவர் தரையை ஒட்டி ரம்பத்தால் அறுப்பார். அறுத்த சில நொடிகளுக்குள் மற்றவர் வெட்டுவாயில் களைக்கொல்லியைத் தடவிவிட வேண்டும். தாமதித்தால் மரம் காயத்தை மூடிக்கொண்டு மறுபடி துளிர்க்கும். அந்த இரண்டு கைகளின் ஒத்திசைவு பழகிவிட்டால் அதில் ஒரு சுகம் இருக்கிறது, சொல்லி மாளாது.

ஆனால் என்னை முழுசாக ஆட்கொண்டது எங்கள் மேற்பார்வையாளர் வேலையைத் திட்டமிடும் விதம். உண்ணிச்செடி, அதாவது லாண்டனா, நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை விழுங்கும் அதே செடி, இங்கேயும் இருக்கிறது. ஒரே நாளில் வெட்டி எறிய ஆள்பலம் உண்டு. அவர் விடுவதில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு தத்தித் திரியும் நீலநிற ஃபேரி ரென் குருவிகளுக்கு இப்போதைக்கு அந்தப் புதர்தான் வீடு. அதனால் ஒரு திட்டு வெட்டுவோம். பக்கத்தில் பர்சேரியா என்ற பூர்வீக முட்புதர் குருவி பதுங்கும் அளவுக்கு வளரும்வரை அடுத்த திட்டைத் தொடமாட்டோம். எந்தத் திட்டு எப்போது என்று அவருடைய வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் குறித்திருக்கிறார். விழுந்த கட்டையைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். கம்பர்லாண்ட் சமவெளி நத்தை அதன் அடியில் இருக்கலாம். அழிவின் விளிம்பில் உள்ள, பூஞ்சையைத் தின்று வாழும் சின்ன உயிர். ஒருமுறை பட்டைத் துணுக்குகளுக்குக் கீழே அதை நானே பார்த்தேன். பழுப்பு ஓடு, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. ஏழெட்டுப் பேர் சுற்றிக் குந்தி, மூச்சுக்கூட விடாமல் பார்த்தோம்.

குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் இருக்கிறார், கல்லூரி மாணவிகள் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். புல் இனங்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. செம்பழுப்புக் கதிர்விடும் கங்காரு புல்லில் புதிதாக வந்தவர் யாராவது கை வைத்தால் போதும், தூரத்திலிருந்தே குரல் வரும்: “தங்கச்சி, உதைப் புடுங்காதேங்கோ! உது எங்கட புல்லு.” இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும்கூட வளரும் புல்தான் அது.

ஒருமுறை ஆலிவை எடுத்த இடத்தில் வெட்டிய குச்சிகளைக் குவித்து, அனுமதி பெற்று, பக்குவமாக எரித்தார்கள். தாருக் மக்கள் காலங்காலமாக நெருப்பைக் கொண்டு பேணிய மண்தானே. வேலமர வகையான வாட்டிலின் விதை சூடு பட்டால் ஓடு திறக்கும். பிறகு ஒரு மழை பெய்தது. சாம்பலைச் சுற்றி வாட்டில் நாற்றுகள், ஊடே ஊதாப்பூக் கொடியான ஹார்டன்பெர்ஜியா. யாரும் நடவில்லை, யாரும் விதைக்கவில்லை. இத்தனை காலம் ஆலிவின் இருட்டில் மண்ணுக்குள் காத்துக் கிடந்த விதைகள்! அதைப் பார்த்த அன்று தேநீர் இடைவேளைக்கு யாருமே போகவில்லை.

சிட்னியில் இருப்பவர்கள் உங்கள் கவுன்சிலுக்குப் போன் செய்து, அருகில் எந்தப் புஷ்கேர் குழு இருக்கிறது என்று கேளுங்கள். முன்அனுபவம் தேவையில்லை. மூடிய காலணி, முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, தொப்பி, ஒரு பாட்டில் தண்ணீர். பிள்ளைகளையும் கூட்டி வரலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.