அலுமினியத்தைக் கிளறி இணைக்கும் ஆராய்ச்சி: எதை அளக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம்

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. அதே தடத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் சற்று விலகி ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலைகள். இந்தக் கல்லூரிகளிலும் தமிழகத்தின் மற்ற பொறியியல் கல்லூரிகளிலும் இயந்திரவியல் மாணவர்கள் திரும்பத் திரும்ப எடுக்கும் ஆய்வுத் தலைப்புகளில் ஒன்று ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங். உராய்வில் உலோகத்தை இளக்கி, கிளறி இணைப்பது. இந்த ஆராய்ச்சி மரபு நமக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. ஆனால் இன்று அது ஒரே இடத்தில் சுற்றுகிறது என்பது என் கருத்து. இரண்டையும் விளக்க, முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு அலுமினியத் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, அடியில் ஒரு எஃகுப் பட்டையைக் கொடுத்து, அசையாதபடி இறுக்குகிறார்கள். சுழலும் எஃகு டூல் ஒன்று மேலிருந்து இறங்குகிறது. அதன் நுனியில் தகட்டின் தடிமனைவிடச் சற்றே குட்டையான ஒரு பின்; அதற்கு மேலே அகன்ற தோள். பின் உள்ளே புதைந்ததும் தோள் தகட்டின் மேற்பரப்பில் அழுந்தி உராய்கிறது. அந்தச் சூட்டில் உலோகம் இளகுகிறது, உருகுவதில்லை. 6061 என்ற அலுமினியக் கலவை உருகத் தொடங்குவது ஏறத்தாழ 580 டிகிரி செல்சியஸில். கிளறல் அதற்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. இளகிய உலோகத்தைப் பின் முன்னிருந்து பின்னுக்குத் தள்ளிக்கொண்டே நகர, இரண்டு தகடும் ஒன்றாகின்றன. எலெக்ட்ரோடு வேண்டாம், நிரப்புக் கம்பி வேண்டாம், புகை கிடையாது, கண்ணைப் பறிக்கும் ஒளி கிடையாது.

1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள வெல்டிங் ஆய்வு நிறுவனமான டி.டபிள்யு.ஐ.யில் வெய்ன் தாமஸும் சக ஆய்வாளர்களும் இதைக் கண்டுபிடித்தார்கள். உருக்கி இணைத்தால் வெடிப்பு விடும் என்பதால் வெல்டிங்குக்கு ஆகாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்த 2000, 7000 வரிசை அலுமினியக் கலவைகள் பலவற்றுக்கு அதன்பின் வழி பிறந்தது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பிற்கால வெளித்தொட்டிகள், ஃபால்கன் 9 ராக்கெட்டின் தொட்டிகள், ஜப்பானின் அலுமினிய ரயில் பெட்டிகள் எல்லாம் இந்த முறையில் இணைக்கப்பட்டவை.

தமிழகத்தில் இது வேரூன்றியதற்குக் காரணம் எளிது. செங்குத்து மில்லிங் மெஷின் எந்தக் கல்லூரிப் பட்டறையிலும் இருக்கும். டூலை உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்துவிடலாம். லேசர் வெல்டிங்குக்கோ எலெக்ட்ரான் கற்றை வெல்டிங்குக்கோ தேவைப்படும் பெரும் முதலீடு இதற்கு வேண்டாம். எளிய கல்லூரியின் மாணவனும் உலகத்தரமான ஒரு கேள்வியைத் தன் கையாலேயே கேட்டுப் பார்க்க முடிந்தது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

கேள்வியும் நல்ல கேள்வியாக இருந்த காலம் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருள் இணைப்பு ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அங்கே இளங்கோவனும் பாலசுப்பிரமணியனும் 2007, 2008-இல் வெளியிட்ட ஆய்வுகள் பின்னின் வடிவத்தை எடுத்துக்கொண்டன: உருளை, கூம்பு, மரையிட்டது, முக்கோணம், சதுரம். சதுரப் பின்தான் பழுதில்லாத இணைப்பைத் தந்தது என்று கண்டார்கள். அதைவிட முக்கியம், அவர்கள் சொன்ன காரணம். சதுரப் பின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை உலோகத்தை உந்துகிறது. நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் வினாடிக்கு 80 துடிப்பு, முக்கோணத்துக்கு 60, உருளைக்கு அப்படி ஒன்றுமே இல்லை. ஒரு வடிவம் ஏன் வெல்கிறது என்பதற்கு இது இயக்கவியல் விளக்கம். வேறு மெஷினில் வேலை செய்பவரும் எடுத்துக்கொண்டு யோசிக்கலாம்.

பின்னால் வந்தவர்களில் பலர் அந்தக் காரணத் தேடலை விட்டுவிட்டு, அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சுற்று வேகம் மூன்று அளவு, நகரும் வேகம் மூன்று அளவு, டூல் சாய்வு அல்லது அழுத்தம் மூன்று அளவு. சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் டகூச்சி முறையில் ஒன்பது சோதனை. ஒவ்வொன்றிலும் இழுவை வலிமை பார்த்து, எது அதிகமோ அதுவே உகந்த நிலை. பிறகு தசம புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரும் குணகங்களோடு ஒரு சமன்பாடு. கலவையை மாற்றினால் அடுத்த கட்டுரை.

இதில் அடிப்படையான குறை ஒன்று உண்டு. சுற்று வேகம் மெஷினின் அமைப்பைச் சொல்கிறது. உலோகத்துக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை. அலுமினியம் அறிவது வெப்பத்தையும் அழுத்தத்தையும் கிளறப்படும் வேகத்தையும்தான். டூலின் முறுக்குவிசை 25 நியூட்டன் மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்று என்று வைத்துக்கொண்டால், செலவாகும் திறன் சுமார் 2.6 கிலோவாட். நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒவ்வொரு மில்லிமீட்டர் இணைப்புக்கும் ஏறத்தாழ 1.6 கிலோஜூல் இறங்குகிறது. அதே 1000 சுற்றில் தோளின் விட்டத்தை மாற்றினாலும், அடிப்பட்டையை எஃகிலிருந்து செம்புக்கு மாற்றினாலும் கதை வேறு. முறுக்குவிசையோ வெப்பநிலையோ அளக்காமல் ‘1000 சுற்றே உகந்தது’ என்று எழுதினால், அது அந்த ஒரு பட்டறைக்கான குறிப்பு. அடுத்த ஊரில் அதை வைத்து வெல்டிங் செய்ய முடியாது.

சாதாரண மில்லிங் மெஷின் டூலின் ஆழத்தைத்தான் பிடித்து வைக்கும், அழுத்தும் விசையை அல்ல. தகடு சற்று வளைந்திருந்தால், சூட்டில் சற்று உப்பினால், தோளின் அழுத்தம் மாறிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழ வித்தியாசமே இணைப்பின் அடிப்பகுதியைக் கெடுக்கப் போதும். இந்த நிலையில், இரண்டு அமைப்புகளுக்கு இடையே ஐந்து மெகாபாஸ்கல் வலிமை வித்தியாசம் என்பது கண்டுபிடிப்பா, அளவீட்டின் சிதறலா என்று ஆய்வாளர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இழுவை வலிமையை மட்டுமே இலக்காக வைப்பதன் விலை இதைவிடப் பெரியது. 6061-டி6 கலவையின் பலம் அதற்குள் இருக்கும் நுண்ணிய மக்னீசியம்-சிலிக்கான் படிவுகளில் இருக்கிறது. வெல்டிங்கின் சூடு அவற்றைக் கரைக்கும் அல்லது பருக்கவைக்கும். எனவே இணைப்பை ஒட்டிய ஒரு பட்டை மென்மையாகத்தான் போகும். இழுத்தால் பெரும்பாலும் அங்கேதான் அறும். எந்த அட்டவணையும் இதை முழுக்கத் தவிர்க்காது. அப்படியிருக்க, அந்தப் பட்டையில் மாறிமாறி வரும் சுமை என்ன செய்யும், உப்புக்காற்று என்ன செய்யும் என்பவை அல்லவா அடுத்த கேள்விகள்? காரின் உறுப்பும் ரயில் பெட்டியும் ஒரே இழுப்பில் அறுவதில்லை. லட்சக்கணக்கான சிறு அதிர்வுகளில் சோர்ந்து விரிசல் விடுகின்றன.

ஏன் அங்கே போகவில்லை என்பதும் புரியக்கூடியதே. இழுவைச் சோதனை சில நிமிட வேலை. சோர்வுச் சோதனையில் ஒரு மாதிரியை ஒரு கோடி சுழற்சி ஓட்ட வேண்டும் என்றால், வினாடிக்கு 20 சுழற்சி வேகத்திலும் ஏறக்குறைய ஆறு நாள். ஒரு முழு வரைபடத்துக்கு இப்படிப் பல மாதிரிகள் வேண்டும். முதுகலை மாணவனுக்கு இருப்பதோ சில மாத அவகாசம். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை எண்ணிக்கை தேவை. மாணவனைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவன் கேள்வியை அந்த அவகாசத்துக்குள் சுருக்கித் தருவது வழிகாட்டிகளும் மதிப்பீட்டு முறையும்தான்.

மலிவான சோதனைகளும் விடுபடுவதற்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. பின் அடிவரை எட்டாதபோது, இணைப்பின் அடியில் இரண்டு விளிம்புகளும் ஒட்டியது போலத் தொட்டுக்கொண்டு நிற்கும், உண்மையில் சேர்ந்திருக்காது. எக்ஸ்ரேயில் இது எளிதில் தப்பிவிடும். அடிப்பக்கம் வெளியே வரும்படி வளைத்துப் பார்த்தால் பிளந்துகொள்ளும். அதற்கு ஒரு ஹைட்ராலிக் பிரஸ்ஸும் ஒரு உருளையும் போதும். அலுமினியத்துக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 25239 (2011-இல் வந்தது, 2020-இல் திருத்தப்பட்டது) வெல்டிங் முறையை அங்கீகரிக்க வளைப்புச் சோதனையையும் குறுக்குவெட்டுப் பார்வையையும் எதிர்பார்க்கிறது. நான் படித்த கட்டுரைகளில் இழுவைப் படங்கள் தவறுவதில்லை. வளைப்புச் சோதனை அரிதாகவே வருகிறது.

நீளமும் அப்படித்தான். ஒரு சாண் நீள வெல்டின் நடுப்பகுதியிலிருந்து மூன்று துண்டு வெட்டி, சராசரி போட்டு முடிக்கிறார்கள். தொடக்கமும் முடிவும், டூல் வெளியேறும்போது விட்டுச்செல்லும் துளையும் கணக்கில் வருவதில்லை. காஞ்சியில் கோர்வைப் புடவையை யாரும் இப்படிப் பார்ப்பதில்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோக்கப்படும் அந்த இணைப்பு ஐந்தரை மீட்டரிலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். ஓரிடத்தில் விட்டாலும் புடவை கழிவு. தொழிற்சாலையும் வெல்டை அப்படித்தான் பார்க்கும்: மிக வலுவான இடத்தைக் கேட்காது, மிக மெலிந்த இடத்தைக் கேட்கும்.

அந்தத் தொழிற்சாலைகள் இப்போது இந்த இணைப்பைத் தேடும் காலம் வந்திருக்கிறது. மின்கார்களின் பேட்டரிப் பெட்டியிலும் நீர் ஓடும் குளிர்விப்புத் தகடுகளிலும் உலகெங்கும் இந்த வெல்டிங் பயன்படுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 2025-இல் மின்சார கிரெட்டாவைக் கொண்டுவந்துவிட்டது. குளிர்விப்புத் தகட்டுக்கு வலிமையைவிடக் கசியாமை முக்கியம். அலுமினியத்தைச் செம்போடு இணைக்கும் மின்முனைக்கு, இடையில் உருவாகும் நொறுங்கும் சேர்மப் படலம் எவ்வளவு தடிமன், மின்தடை எவ்வளவு, சூடேறி ஆறும்போது அது எப்படி மாறுகிறது என்பவை முக்கியம். இவற்றை அளக்க ராக்கெட் நிறுவனத்தின் வசதி தேவையில்லை.

செய்யக்கூடியதை எளிதாகவே தொடங்கலாம். மில்லிங் மெஷின் மோட்டாரில் ஒரு திறன்மானி மாட்டி, வெறுமனே சுழலும்போது ஆகும் மின்சாரத்தைக் கழித்தால் வெல்டிங்கில் இறங்கிய திறனின் நல்ல மதிப்பீடு கிடைக்கும். தகட்டில் துளையிட்டு ஒரு தெர்மோகப்பிள் வைப்பது அரை நாள் வேலை. சோர்வுச் சோதனைக் கருவி ஒவ்வொரு கல்லூரிக்கும் வேண்டாம். காஞ்சிபுரத்தின் பெயரில் 2007-இல் தொடங்கி மேலக்கோட்டையூரில் இயங்கும் மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். கல்வி நிறுவனம் வடிவமைப்பையும் உற்பத்தியையும் சேர்த்துக் கற்பிப்பதற்கென்றே உருவானது. அப்படிப்பட்ட ஓரிடத்தில் கருவியைப் பொதுவாக வைத்து, சுற்றுப்புறக் கல்லூரிகள் மாதிரிகளை அனுப்பினால், ஒரு மாணவன் விட்ட இடத்திலிருந்து அடுத்தவன் தொடர முடியும். அவர்கள் அனுப்பும் முதல் தொகுதியில் நன்றாக வந்த வெல்டுகளோடு, உள்ளே சுரங்கம் போல வெற்றிடம் விழுந்தவையும் அடி ஒட்டாதவையும், அவை எந்த வெப்பத்தில், எந்த ஆழத்தில் அப்படி ஆயின என்ற குறிப்போடு இருக்கட்டும். இன்று அந்தத் தகடுகள் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகின்றன.