பெட்டிக்குள் இருந்து பார்ப்பவர்கள்

2024ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆந் திகதி அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் 'விஷன் புரோ' என்னும் தனது கருவியை யப்பானில் விற்பனைக்கு விட்டது. கண்களை முற்றாக மூடித் தலையிற் பூட்டிக்கொள்ளும் கருவி இது. அணிந்தவர் தம் முன்னுள்ள அறையையும் மனிதரையும் நேரே காண்பதில்லை. கருவியின் புறத்தே பொருத்தப்பட்ட கமராக்கள் படம்பிடித்து உள்ளே காட்டும் உருவங்களையே காண்கிறார். அவ்வுருவங்களோடு, அங்கு இல்லாத பொருள்களையும் கருவி சேர்த்துக் காட்டும். வெறுஞ் சுவரிலே திரைப்படம் ஓடும். வெறும் மேசைமேல் கடிதம் விரியும். உள்ளதையும் இல்லாததையும் ஒரே காட்சியாக்கும் இவ்வேற்பாட்டுக்குக் 'கலப்பு யதார்த்தம்' என்று பெயர். கருவியைத் தலையணி என்று இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம்.

யதார்த்தம் என்ற சொல்லை இலக்கிய விவாதங்களில் ஓயாது வழங்கிவரும் நாம், அச்சொல் ஒரு வியாபாரப் பண்டத்தின் பெயரில் ஏறிவிட்டதைக் கண்டு வாளாவிருத்தல் தகாது. 'கலப்பு யதார்த்தம்' என்ற கருத்தை 1994ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வாயிலாக வரையறுத்தவர்களுள் ஒருவர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் மில்கிராம். மற்றவர் கியோத்தோ ஆய்வுகூடமொன்றைச் சேர்ந்த புமியோ கிஷினோ. 1997 முதல் 2001 வரை யப்பானிய அரசும் கனன் நிறுவனமும் சேர்ந்து இதற்கெனவே ஓர் ஆய்வுகூடம் நடத்தின. ஆகவே யப்பான் இதனை வெறுஞ் சந்தையாக நின்று வாங்கிய நாடன்று. கருத்தைப் பெற்றெடுத்த நாடுகளுள் ஒன்று. அத்தகைய நாட்டிலே, அன்றாட வாழ்வின் நடுவில் இக்கருவி தலைகாட்டியபோது மக்கள் முகஞ்சுளித்தது ஏன்? இதுவே நமது வினா.

முதலில் எழுந்த குரல்கள் எளியவை. விலை அதிகம்; பாரம் அதிகம்; முகப்பூச்சும் தலைவாரலும் கெடுகின்றன; அணிந்தவர் தோற்றம் நகைப்புக்கிடமானது. இவற்றை அற்பக் குறைகள் என்று தள்ளிவிடலாகாது. விற்பனைக்கு வந்தபோது கருவியின் விலை 599,800 யென். அவ்வேளையில் ரோக்கியோ நகரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,113 யென். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைக்கும் கடைச் சிப்பந்தி ஒருவர், உண்ணாமலும் வாடகை கொடாமலும் 67 நாளுக்கு மேல் உழைத்தாலே இதனை வாங்க இயலும். 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் மெற்றா நிறுவனம் வெளியிட்ட 'குவெஸ்ட் 3' என்பதன் வெளியீட்டு விலை 74,800 யென்னே. எனினும் அதுவுங்கூட அச்சிப்பந்திக்கு எட்டு நாட்களின் கூலிக்கு மேலாகும். 'யாருக்கான யதார்த்தம்?' என்ற கேள்வி விலைச்சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆயின், விலை ஒன்றே வெறுப்புக்குக் காரணமன்று. விலைமதிப்பு மிக்க கார் ஒன்றைத் தெருவிற் கண்டால் ஏழை பொறாமைப்படலாம், அருவருப்புக் கொள்வதில்லை. தலையணியைப் பூட்டிய ஒருவர் ரயிலிலே எதிர் ஆசனத்தில் அமர்ந்தால் உண்டாகும் உணர்ச்சி வேறு. அதனை விளக்கச் சிலர் இனத்தின் குணத்தைத் துணைக்கழைக்கின்றனர். 'யப்பானியர் கூச்சம் மிக்கவர், ஊரோடு ஒத்துவாழ்பவர், புதுமையாய்த் தோன்றுபவனைச் சகியார்' என்பது அவர் வாதம். இது விளக்கமன்று, விளக்கத்திலிருந்து தப்பும் வழி. 1979இல் காதிற் பூட்டும் 'வோக்மன்' கருவியை உலகுக்கு அளித்தவர்களும், 2000ஆம் ஆண்டிலேயே கமரா பொருத்திய கைத்தொலைபேசியை வாங்கிப் பழகியவர்களும் இதே மக்களே. புதுமைக்கு அஞ்சியவர்கள் என்று இவர்களைச் சொல்லுதல் பொருந்தாது.

உண்மையான காரணம் அந்தக் கமராத் தொலைபேசியின் வரலாற்றிலேயே கிடக்கிறது. நெரிசல் மிக்க ரயில்களிலே பெண்களைக் களவாகப் படம்பிடிக்கும் இழிசெயல் பெருகியபோது, யப்பானில் விற்கப்படும் தொலைபேசிகள் படம் எடுக்கையில் ஒலியெழுப்பவேண்டும் என்ற வழக்கம் தோன்றியது. சட்டம் பிறப்பித்த விதியன்று அது. பொதுமக்களின் சினத்துக்கு அஞ்சிக் கம்பனிகள் தாமே ஏற்றுக்கொண்டது. களவாகப் படம்பிடிப்பதை நாடு முழுவதற்குமான தனிக் குற்றமாக்கும் சட்டம் 2023 யூலை 13ஆந் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, பல கமராக்களை முகத்திற் பூட்டிக்கொண்டு நடமாடும் கருவி கடைக்கு வந்துவிட்டது. ரயிலில் இருக்கும் ஒரு பெண் அதனைக் கண்டு ஐயுறுவாளாயின், அது அறியாமையாகாது. இருபது ஆண்டுக்கால அனுபவம் தந்த அறிவு அது.

ஈண்டு ஓர் அடிப்படை உண்மையைச் சொல்லவேண்டும். பொதுவிடத்திலே பார்வை என்பது கொடுக்கல் வாங்கல். நாம் ஒருவரைப் பார்க்கும்போது அவரும் நம்மைப் பார்க்கக்கூடும் என்பதே நமது பார்வைக்கு ஒழுக்கத்தைத் தருகிறது. பார்க்கப்படாமற் பார்க்கும் உரிமை வரலாற்றில் என்றும் அதிகாரத்தின் உரிமையாகவே இருந்துவந்திருக்கிறது. சிறைக் காவலனும் தொழிற்சாலைக் கங்காணியும் அதனை அனுபவித்தனர். இப்பொழுது அது கடையில் விலைக்குக் கிடைக்கிறது. மக்களின் முகச்சுளிப்பு இந்த ஏற்றத்தாழ்வை நோக்கியதே.

இதனைக் கருவி செய்தோரும் உணர்ந்தேயிருந்தனர். விஷன் புரோவின் வெளிமுகத்திலே ஒரு திரை உண்டு. எவரேனும் அருகே வரின், அணிந்தவரின் கண்கள் அதில் தோன்றும். ஆனால் அவை கண்கள் அல்ல. முன்னரே அளந்து வைத்த முகத்திலிருந்து கணினி வரைந்த கண்களின் படம். எதிரே நிற்பவருக்குப் பார்வை கடனாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, கடனைக் கள்ள நாணயத்தால் தீர்க்க முயன்ற கதை இது. 2023இல் இக்கருவியை அறிமுகப்படுத்திய படத்திலே, ஒரு தந்தை தலையணியைப் பூட்டியவாறே தன் பிள்ளைகளின் விளையாட்டைப் பதிவு செய்வார். அக்காட்சி பல நாடுகளிலும் கண்டனத்துக்குள்ளானது. பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கப்போவது தந்தையின் முகத்தையா, கண்ணாடி ஓட்டையா?

இந்தப் பிரச்சினையை யப்பானிய இலக்கியம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தொட்டுவிட்டது. கோபோ அபேயின் 'பெட்டி மனிதன்' என்னும் நாவல் 1973இல் வெளிவந்தது. தலையிலிருந்து இடுப்புவரை அட்டைப்பெட்டியொன்றைக் கவிழ்த்துக்கொண்டு, அதில் வெட்டிய சிறு சாளரத்தினூடே உலகைப் பார்த்தபடி நகரத் தெருக்களில் அலையும் மனிதனின் குறிப்புகளாக அமைந்தது அந்நாவல். அம்மனிதன் முன்பு புகைப்படக்காரனாகத் தொழில் செய்தவன் என்பது கருதத்தக்கது. அவனை ஊரார் பார்த்தும் பாராததுபோற் போகின்றனர். 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், தலையணி கடைக்கு வந்து இரண்டு மாதம் நிறையுமுன், இந்நாவல் இஷீ ககுர்யூவின் இயக்கத்திலே திரைப்படமாக யப்பானிய அரங்குகளுக்கு வந்தது தற்செயலே. ஆயினும் பொருத்தமான தற்செயல்.

நாவலின் தொடக்கத்தில் வரும் கிளைக்கதையொன்று நமது பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. தன் வீட்டருகே ஒண்டிய பெட்டி மனிதன் ஒருவனைச் சகிக்கமாட்டாத ஒருவன், காற்றுத் துவக்கால் அவனைச் சுட்டு விரட்டுகிறான். சில நாட்களின் பின் அவன் வீட்டுக்குப் புதிய குளிர்சாதனப்பெட்டி வருகிறது. அது வந்த அட்டைப்பெட்டியைக் கண்டதும் அவனுக்குச் சபலம் தட்டுகிறது. ஒருமுறை மாட்டிப் பார்க்கிறான், மறுநாளும் மாட்டுகிறான், இறுதியில் அதனுடனேயே தெருவிறங்கி மறைந்துபோகிறான். வெறுப்பும் ஆசையும் எதிர்ப்பகையல்ல, ஒரே கொடியில் விளைவன என்பதை அபே எத்துணைச் சுருக்கமாகக் காட்டிவிடுகிறார்! வீதியில் தலையணி அணிந்தவனைப் பார்த்து நகைப்பவர், கடையிலே இலவசமாக அணிந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முந்துவதை எவரும் காணலாம். வெறும் அருவருப்பு விமர்சனமாகிவிடாது. காற்றுத் துவக்கால் எந்தப் பெட்டியும் ஒழிந்ததில்லை.

எனினும் அபேயை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் நம்மால் இயலாது. ஒருகாலத்தில் யப்பானியக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து, 1960களின் தொடக்கத்தில் அதிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். இந்நாவலில் தனிமனிதனின் தப்பியோட்டம் மட்டுமே எஞ்சுகிறது. பெயரையும் பதிவையும் துறந்து எவருமாக இல்லாமற் போவதே அவனுக்கு விடுதலை. அவனுடைய பெட்டி எவரும் எறிந்துவிடும் அட்டை. அதற்கு உடைமையாளன் இல்லை. உள்ளே அவன் தனியாகவே இருந்தான். இன்றைய தலையணிக்குள் அந்தத் தனிமைகூட இல்லை. அணிந்தவர் விழி எங்கே திரும்புகிறது என்பதைக் கருவி கணந்தோறும் அளக்கிறது. எதைக் காட்டலாம், எதை எந்த விலைக்குக் காட்டலாம் என்பதை அதனை ஆக்கிய கம்பனி வகுக்கிறது. பெட்டி மனிதன் உலகைத் துறந்தான். தலையணிக்காரர் உலகைப் பார்க்கும் வழியையே வாடகைக்கு எடுக்கிறார். அபே காணாத வர்க்க உண்மை இதுவே.

அபேக்கு அடுத்த தலைமுறையில், 2007ஆம் ஆண்டு யப்பானியப் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே. ஒளிபரப்பிய 'டென்னோ கொயில்' என்னும் சித்திரத் தொடர் வேறொரு கனவைக் கண்டது. மிட்சுவோ இசோ எழுதி இயக்கிய 26 பகுதிகள் கொண்ட தொடர் அது. 2020களில் நடப்பதாகக் கற்பிக்கப்பட்ட அக்கதையிற் சிறுவர்கள் சாதாரண மூக்குக்கண்ணாடியை அணிந்து, தெருக்களிலே உலவும் மாய நாய்களோடும் பூதங்களோடும் விளையாடுகின்றனர். அங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. ஒன்று, ஒரு சிறுவன் காணும் நாயை மற்றச் சிறுமியும் காண்கிறாள். காட்சி பொதுச் சொத்து. மற்றொன்று, கண்ணாடிக்குப் பின்னே கண்கள் தெரிகின்றன. அதிகாரிகளின் துப்புரவு யந்திரமொன்று பழைய காட்சிகளை அழித்தபடி திரியும். ஆனால் ஆலயத்தினுள்ளும் பாடசாலையினுள்ளும் வீட்டினுள்ளும் அது நுழையலாகாது. எல்லையில்லாத அதிகாரம் எந்தக் காட்சிக்கும் இல்லை என்பதைச் சிறுவர் கதை அறிந்திருந்தது.

இறுதிப் பகுதிகளிலே, அச்சங்கொண்ட பெற்றோர் பிள்ளைகளின் கண்ணாடிகளைப் பறிக்கின்றனர். தாயொருத்தி மகளை அணைத்து, தொட்டு உணரக்கூடியதே மெய் என்கிறாள். மகளோ, தொடமுடியாத தன் நாயை இழந்ததால் தான் படும் துயரமும் மெய்யல்லவா என்று எண்ணுகிறாள். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. தாயின் பக்கம் மட்டும் நின்றால் நாம் பழமைவாதிகளாவோம். கலையின் துயரமும் தொடமுடியாததுதானே! மகளின் பக்கம் மட்டும் நின்றால் விற்பனையாளரின் கையாளாவோம். இந்த முரண்பாட்டை மழுப்பாமல் நிறுத்தியதே அத்தொடரின் சிறப்பு.

விற்பனைக்கு வந்த பொருளோ இக்கனவைத் தலைகீழாக்கிவிட்டது. பலர் சேர்ந்து காணும் தெருவுக்குப் பதில், தெரு நடுவே ஒருவருக்கான தனியரங்கு. ஆகவேதான் 'இது மனிதனைத் தனிமையாக்கும்' என்ற குரலும் எழுந்தது. அக்குரலை மதிக்கிறோம், ஆனால் திருத்துகிறோம். தனிமையைத் தலையணி உண்டாக்கவில்லை. வீட்டுக்குள் ஒடுங்கி வாழ்பவர் தொகையை அந்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் 14 இலட்சத்து 60 ஆயிரம் என மதிப்பிட்டது. தனிமையை எதிர்ப்பதற்கென்றே ஒரு சட்டம் 2024 ஏப்ரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதத்துள் தலையணி வந்தது. நெடிய வேலை நேரமும் நிலையற்ற தொழிலும் சிற்றறை வாழ்வும் ஆக்கிய வெறுமையை அது கண்டுபிடித்தது. அங்கே தன் கடையை விரித்தது.

நாமும் முதலில் இதனைச் செல்வர் கேளிக்கை என்று ஒதுக்கவே எண்ணினோம். அது தவறு. 2016இல் யப்பான் எயார்லைன்ஸ், மைக்ரோசொவ்ட்டின் தலையணியைக்கொண்டு இயந்திரப் பழுதுபார்ப்போருக்கும் விமானிகளுக்கும் பயிற்சியளிக்கும் பரிசோதனையை நடத்தியது. விலைமிக்க எஞ்சினைக் கழற்றாமலே அதன் உள்ளுறுப்புகளைக் கற்கலாம் என்பது தொழிலாளிக்கு நன்மையே. ஆனால் அதே கருவி அவருடைய கையின் வேகத்தையும் கண்ணின் அலைவையும் அளந்து மேலாளருக்கு அறிவிக்கவும் வல்லது. ரோக்கியோவின் நிஹொன்பாஷியிலே 2021 யூன் மாதம் திறக்கப்பட்ட ஓர் உணவகம் வேறொரு பாதையைக் காட்டுகிறது. அங்கே படுக்கையில் கிடக்கும் நோயாளரும் உடல் இயங்காதோரும் தொலைவிலிருந்தே சிறு யந்திர உருவங்களை இயக்கி, விருந்தினரோடு உரையாடி, பரிமாறி, கூலி பெறுகின்றனர். அது தலையணியன்று, ஆனால் அளவுகோல் அதில் உள்ளது. மறைந்திருந்த மனிதரை அது பிறர் முன்னே கொண்டுவருகிறது. தலையணியோ முன்னே இருப்பவரை மறைக்கிறது.

ஆகவே யப்பானிய மக்களின் முதல் முகச்சுளிப்பை நாம் பிற்போக்கென்று கொள்ளோம். முடிந்த தீர்ப்பென்றும் கொள்ளோம். அது ஒரு கோரிக்கையின் முதற் சொல். தொலைபேசியை ஒலியெழுப்பச் செய்தது அம்மக்களின் குரலே. நடந்தபடி தொலைபேசி பார்ப்பதைத் தடுக்கும் விதியை 2020 யூலையில் யமாட்டோ நகரம் கொண்டுவந்தது. தண்டனையே இல்லாத அவ்விதி, தெரு எல்லோருக்கும் உரியது என்பதைப் பறைசாற்றிற்று. அவ்வாறே, பொதுவிடத்திற் பார்ப்பவர் பார்க்கப்படவும் வேண்டும். தொழிலாளியின் கண்ணை அளப்பவர் அவருடைய சம்மதத்தைப் பெறவேண்டும். பொதுத் தெருவின்மேல் எழுதப்படும் காட்சி பொதுவாகவே இருக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

வகுப்பறையில் நிற்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் இக்கருவியைப் பற்றிக் கேட்பர்; ஆவலோடு கேட்பர். காற்றுத் துவக்கை எடாதீர்கள். 'இதனை அணிந்தவரை நீ காணமுடியுமா? அவர் காண்பதை நீயுங் காணமுடியுமா?' என்று திருப்பிக் கேளுங்கள். விடையை அவர்களே தேடிக்கொள்வர்.