நாட்காட்டித் தாளின் பின்பக்கம்

மகனைப் பறிகொடுத்த ஆசிரியை ஒருவருக்கு, ஆறுதலாக இருக்கட்டும் என்றெண்ணி நாம் ஒரு நூலைக் கொடுத்திருந்தோம். மூன்று வாரங்கள் கழித்து, அட்டை போட்டுப் பத்திரமாக அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். “நல்ல புத்தகந்தான் ஐயா. ஆனால் இது பெரியவர்களுக்கு எழுதியது. எனக்குக் காலையில் எழுந்து அடுப்புப் பற்றவைக்கவே மனம் வரவில்லை. இவர் புறப்படு என்கிறார், நட என்கிறார், நிற்காதே என்கிறார். பக்கத்துக்குப் பக்கம் எனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறார்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, தம்மையே நொந்துகொண்டு சொன்னார். அதுதான் நம்மை உறுத்தியது.

அந்நூல், வியட்நாம் நாட்டுக் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் எழுதிய ‘எதிர்நோக்கின் பாதை’. ஆங்கில மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகளாக நாம் போற்றிவருவது; துன்புற்றோர் பலருக்குத் தயக்கமின்றி எடுத்துக் கொடுத்தது. 13 ஆண்டுகள் சிறையிருந்தவரின் நூல் என்றால் போதும், வேறு பரிந்துரை எதற்கு என்று எண்ணியிருந்தோம். ஆசிரியை திருப்பித் தந்த பிறகு அதை முதலிலிருந்து மீண்டும் படித்தோம். அவருடைய பிந்தைய நூல்களையும் காலவரிசைப்படி அடுக்கிவைத்துப் படித்தோம். அப்போது தெரியவந்த ஒன்றை, இத்தனை காலம் கவனியாதிருந்தோமே என்ற வெட்கத்தோடுதான் இங்கு எழுதுகிறோம்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1928-இல் ஹூவே நகரில் பிறந்தவர். தென் வியட்நாமின் அதிபராயிருந்து 1963-இல் ஆட்சிக் கவிழ்ப்பில் கொல்லப்பட்ட ங்கோ தின் தியெம் இவருடைய தாய்மாமன். 1967-இல் நா ட்ராங் மறைமாவட்ட ஆயரானார். 1975 ஏப்ரல் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் இவரைச் சைகோனின் வாரிசுரிமையுடைய இணைப் பேராயராக நியமித்தார். ஆறு நாள் கழித்துச் சைகோன் வீழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 15, மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, கைது செய்யப்பட்டார். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. 1988 நவம்பர் 21 அன்றுதான் விடுதலை. இடைப்பட்ட 13 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் தனிமையில் கழிந்தன.

இனி நாம் கவனியாதிருந்ததைச் சொல்கிறோம். ‘எதிர்நோக்கின் பாதை’ அந்தப் 13 ஆண்டுகளின் விளைவு அன்று. அவற்றின் வாசற்படியிலேயே எழுதப்பட்டது. கைதானதும் அவரைக் காய் வோங் என்னும் சிற்றூருக்குக் கொண்டுபோய் வீட்டுக் காவலில் வைத்தனர். அது அவர் எட்டு ஆண்டுகள் ஆயராயிருந்த மறைமாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே உள்ள ஊர். 1975 அக்டோபரில் ஒரு நாள், விடியுமுன் திருப்பலி கண்டு திரும்பிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைச் சாடைகாட்டி அழைத்து, பழைய நாட்காட்டிகள் சில வாங்கித் தரும்படி உன் அம்மாவிடம் சொல் என்றார். அன்றிரவே நாட்காட்டிகள் வந்தன. அக்டோபர், நவம்பர் மாதத்து இரவுகளில் அத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். காலைதோறும் சிறுவன் வந்து தாள்களை வாங்கிச் செல்வான். அவனுடைய உடன்பிறந்தோர் வீட்டில் அமர்ந்து படியெடுப்பார்கள். அப்படிச் சேர்ந்தவை 1001 சிந்தனைகள்.

நூலின் வடிவம் அந்தத் தாளிலிருந்து பிறந்தது என்றே கருதுகிறோம். நீண்ட வாதத்துக்கு அதில் இடமில்லை. அடுத்த இரவு எழுத முடியுமோ என்ற உறுதியும் இல்லை. ஒவ்வொரு சிந்தனையும் தனித்து நிற்க வேண்டும். பாதி தாள்கள் பிடிபட்டாலும் மீதி பயன்பட வேண்டும். ஆத்திசூடியில் எழுத்துப் பழகிய நமக்கு இவ்வடிவமும் இதன் ஏவல் வினைகளும் அயலானவை அல்ல. புறப்பாட்டில் தொடங்கிக் கடமை, விடாமுயற்சி என்று நூல் விரைகிறது. சிறந்த இடங்கள் பல உண்டு. எனினும் 1001 என்பது பெரிய எண். நடுப்பகுதியில் சில, குருமட ஒழுங்குப் புத்தகத்திலிருந்து பெயர்த்தெடுத்தவை போல் ஒலிக்கின்றன. ஒரே கருத்து மூன்று நான்கு முறை வருகிறது. எழுதியவரைப் பற்றியோ நூலில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அவர் அழுதாரா, அஞ்சினாரா, உறங்கினாரா என்று தேடினால் கிடைப்பதில்லை. மேய்ப்புப் பணியிலிருந்து பிடுங்கப்பட்டு இரண்டு மாதமே ஆன ஓர் ஆயர், இன்னும் ஆயராகவே தம் மக்களிடம் பேசுகிறார். அதுவரை பேசாமல் அடக்கிவைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடும் அவசரம் தெரிகிறது. கட்டளைக் குரலுக்குக் காரணம் கல்மனம் அன்று. ஆனால் படிப்பவர் செவியில் விழுவது கட்டளைதானே?

இருண்ட பகுதி பின்னால் வந்தது. 1976 மார்ச் 19, புனித யோசேப்பு விழாவன்று, அவரைப் பூ கான் சிறைக்கு மாற்றினர். சன்னல் இல்லாத அறை. வெப்பமும் ஈரமும் தாங்காமல் படுக்கையிலேயே காளான் முளைத்தது. மூச்சுத் திணறும்போது தரையில் படுத்து, கதவின் அடியிலிருந்த துளையில் முகத்தை வைத்துக் காற்றை இழுத்தார். இவற்றை அவர் எழுதியது பல்லாண்டுகள் கழித்து, 1990-களின் பிற்பகுதியில், ‘ஐந்து அப்பமும் இரண்டு மீனும்’ என்னும் சிறு நூலில். இளைஞரை நோக்கிப் பேசுவதாக அமைந்த ஏழு அனுபவங்கள் அவை. அவர் எழுதியவற்றுள் நாம் தலையாயதாக வைப்பது இதைத்தான்.

அதன் இரண்டாம் ‘அப்பம்’ அனைத்துக்கும் நடுநாயகம். அறையில் அவரை வாட்டியது பசியோ வெப்பமோ அன்று. தாம் செய்துகொண்டிருந்த பணிகளின் நினைவே. வயது 48, உடலில் வலு உண்டு, எட்டு ஆண்டு ஆயர் அனுபவம் உண்டு, குருமடங்கள், இளைஞர் பணி, பொதுநிலையினர் பயிற்சி எல்லாம் பாதியில் நிற்கின்றன. ‘நான் இல்லாமல் இவை என்னாகும்?’ என்ற கேள்வி உறங்கவிடவில்லை. அப்போது உள்ளத்தில் ஒரு தெளிவு பிறந்ததாகச் சொல்கிறார். இறைவன் வேறு, இறைவனின் பணிகள் வேறு. நீ இதுவரை பற்றிக்கொண்டிருந்தது எதை? பணிகளைப் பிறரிடம் ஒப்படைக்க அவருக்குத் தெரியாதா? நீ தேர்ந்துகொள்ள வேண்டியது அவரை. இதைக் கேட்டபின் அவருக்கு ஏற்பட்டது வீறு அன்று, அமைதி.

மனவலிமை பற்றி இன்று நாம் கேட்டுப் பழகிய பேச்சுக்கு இது நேர் எதிரானது. நம் பங்கு மன்றங்களில் நடைபெறும் தலைமைப் பயிற்சி முகாம்களில், குறிக்கோளை இறுகப் பற்று, அதை எவர் பறித்தாலும் விடாதே என்பதுதான் முதற்பாடம். அத்தகைய முகாம் ஒன்றில் துவானின் பெயரையே எடுத்துக்காட்டாகச் சொல்லி, வெற்றித் தலைவரின் ஐந்து பண்புகள் என்று பலகையில் எழுதியதைக் கண்டிருக்கிறோம். அந்த அறையில் அவர் செய்தது, இறுகப் பற்றியிருந்ததை விட்டுவிட்டது. தாம் இன்றியமையாதவர் என்ற எண்ணம் கழன்றபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது. இதை வலிமை என்று அழைப்பதானால், அச்சொல்லுக்கு நாம் கொண்டிருக்கும் பொருளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தலைமை என்பதும் அப்படியே. அவர் சைகோன் மறைமாவட்டத்தைப் பேராயராக ஆண்டதே இல்லை. 1991-இல் உரோமைக்குச் சென்றவரை அரசு நாடு திரும்பவிடவில்லை. ஆட்சிக் கணக்கில் பார்த்தால் பதிவேட்டில் ஒரு வெற்றிடம். ஆனால் வடக்கே மலைப்பகுதி முகாமில் நடந்ததைப் பாருங்கள். கைதிகள் ஐம்பது ஐம்பது பேராகப் படுத்துறங்கும் கொட்டில். கத்தோலிக்கர் ஐவர் அவரருகே படுக்க இடம் ஏற்பாடு செய்துகொண்டனர். வயிற்று வலி மருந்து என்று சீட்டு ஒட்டி வெளியிலிருந்து வந்த திராட்சை இரசத்தில் மூன்று சொட்டு, தண்ணீர் ஒரு சொட்டு. உள்ளங்கையே பீடம், உள்ளங்கையே கிண்ணம். இரவு விளக்கணைந்த பின் மனப்பாடமாகத் திருப்பலி. பிறகு கொசுவலைக்கு அடியில் கைநீட்டி நற்கருணை. சிகரெட் உறையின் தாளில் சிறு பைகள் செய்து, நற்கருணையை மறைத்துவைத்துப் பிறரிடம் அனுப்பினார்கள். தனிமைச் சிறையில் காவலர்கள் முதலில் இவரோடு பேசவே மறுத்தனர். இவர் தம் பயணக் கதைகளைச் சொன்னார், மொழிகள் கற்றுக்கொடுத்தார். இவரால் காவலர்கள் ‘கெட்டுப்போகிறார்கள்’ என்று அஞ்சி இரு வாரங்களுக்கு ஒரு முறை ஆட்களை மாற்றிய மேலதிகாரிகள், இப்படியே போனால் அனைவரும் கெட்டுவிடுவர் என்று மாற்றுவதையே நிறுத்தினராம். சிறையில் எழுத்தில் நகைச்சுவை துளிர்ப்பது அரிது. இவரிடம் அது தாராளம். காவலர் ஒருவரின் கண்மூடலில் மரத்துண்டு வெட்டிச் சிலுவை செய்து சோப்புக் கட்டிக்குள் மறைத்துவைத்தார். வேறொரு சிறையில் வேறொரு காவலர் மின்கம்பி கொடுத்துதவ, அதற்குச் சங்கிலி கோத்தார். பின்னாளில் கர்தினாலாகவும் அதையே மார்பில் அணிந்திருந்தார்.

பிந்தைய நூல்களிலும் குறை இல்லாமல் இல்லை. 2000-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்கும் உரோமைத் தலைமைச் செயலகத்தாருக்கும் அவர் ஆற்றிய தவக்காலத் தியான உரைகள் ‘எதிர்நோக்கின் சாட்சியம்’ என்று நூலாயின. அவற்றில் சிறை நிகழ்ச்சிகள் மறையுரையின் உவமைகளாக வந்து போகின்றன. பல முறை சொல்லிச் சொல்லி ஓரங்கள் தேய்ந்துவிட்டன. எப்போதும் நல்லபடியாகவே முடிகின்றன. வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் நாத்சி முகாம்களிலிருந்து மீண்டு 1946-இல் வெளியிட்ட நூலில், தம்முள் மிகச் சிறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்ற ஒப்புதல் தொடக்கத்திலேயே வருகிறது. மீண்டவன் சொல்லும் கதையை அளவுகோலாக்கி மீளாதவனை அளக்காதே என்ற காப்பு அதில் அடங்கியிருக்கிறது. துவானின் உரைகளில் அக்காப்பை நாமே தேடிப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆயினும் அத்தியான நூலில் ஓரிடம் உண்டு. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எதிர்நோக்கு பற்றி 2007-இல் எழுதிய சுற்றுமடலில் அதை எடுத்தாண்டிருக்கிறார். தம் வாழ்வில் நெடுங்காலம் செபிக்கவே முடியாத நாட்கள் இருந்தன என்று துவான் ஒப்புக்கொள்கிறார். அந்நாட்களில் சொந்தச் சொல் ஒன்றும் எழவில்லை. கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், வழிபாட்டுச் செபங்கள் என்று திருச்சபை ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த சொற்களைப் பற்றிக்கொண்டு நாட்களைக் கடத்தினார். 1001 சிந்தனைகளைப் பிறருக்கு எழுதியவருக்குத் தமக்கென ஒரு சொல் இல்லாமற்போயிற்று! இந்த ஒரு வரியை அறிந்தபின் ‘எதிர்நோக்கின் பாதை’யைத் திறந்தால், அதன் ஏவல் வினைகளின் ஒலி மாறிவிடுகிறது. அவை உச்சியில் நிற்பவர் கீழே நிற்பவருக்கு இட்ட ஆணைகள் அல்ல. தமக்கு வரவிருக்கும் இருளை அறியாத ஒருவர் முன்கூட்டியே சேமித்துவைத்த சொற்கள். இதை அறியாமல் அந்நூலைத் தனியே ஒருவர் கையில் கொடுப்பது, நோயாளியின் கட்டிலருகே நின்று ஓட்டப்பந்தய விதிகளைப் படிப்பது போலாகும். நாம் செய்தது அதைத்தான்.

‘எதிர்நோக்கு’ என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் பாட்டிமார் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று செபித்தனர். விசுவாசம் இருந்த இடத்துக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கை இருந்த இடத்துக்கு எதிர்நோக்கு வந்தது. மாற்றம் நமக்கு முதலில் பிடிக்கவில்லை. 2025 யூபிலி ஆண்டில் ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்று கோவில்தோறும் எழுதிவைத்தபோதுகூட நாக்கு தடுமாறியது. ஆனால் சன்னலில்லாத அறையில், கதவடித் துளையில் முகம் வைத்துப் படுத்திருந்தவரை நினைக்கும்போது, பழைய ‘முயற்சி’ என்ற சொல்லையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று படுகிறது. நோக்குவதற்கு எதிரே ஒன்றும் இல்லாதபோது எஞ்சியிருந்தது அந்த முயற்சிதான்.

2002 செப்டம்பர் 16 அன்று புற்றுநோயால் அவர் காலமானார். 2017-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

ஆசிரியையிடம் சிறிய நூலை எடுத்துச் சென்றோம். படியுங்கள் என்று சொல்லவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு வந்தோம். ஒரு மாதம் கழித்து ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோவில் வாசலில் கண்டார். “கதவுக்கடியில் மூச்சு வாங்கினாரே, அந்த இடம் வரைக்கும் படித்திருக்கிறேன் ஐயா. அங்கேயே நிற்கிறேன்” என்றார். நூலைத் திருப்பித் தருவதாகச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.